வாசகர் கேள்வி – பதில்: ரிம்மைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

போன இதழில், கால் மைல் தூரம் நேராகப் பறக்கிற டிராக் ரேஸ் கார்களின் பழைய ரிம்களை, அதாவது டயரைத் தாங்குகிற உலோகச் சக்கரங்களைப் பற்றிப் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதியிருந்தேன். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டொங்காட் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அதற்கே.

மெர்பேங்க்கிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, அப்பா காலமாகி ரெண்டு வருஷம் ஆகிறது. கராஜைக் காலி பண்ணும்போது ஒரு தார்ப்பாய்க்கு அடியில் நாலு ரிம் கிடைத்தது. ரெண்டு ரொம்ப ஒல்லி, பன்னிரண்டு ஆரக்கால், போல்ட் ஓட்டையே இல்லை. மற்ற ரெண்டும் நல்ல அகலம், ஐந்து ஆரக்கால், விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா டிராக் ரேஸ் ஓட்டினார் என்று அத்தை சொல்கிறார், எங்களிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஸ்க்ராப் எடுக்க வந்தவர் நாலுக்கும் சேர்த்து 300 ராண்டு தருகிறேன் என்கிறார். இது எங்கே செய்த ரிம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்த ஸ்க்ராப்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், தங்கச்சி. ரெண்டாவது, எதையும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு ஜோடி பழைய ரிம்மை ஒரு பட்டறையில் பாலிஷுக்குக் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தையும் லேத்தில் போட்டு வழித்திருந்தார்கள், அங்கே புடைப்பாக இருந்த எழுத்தும் எண்ணும் போயே போய்விட்டன. அந்த ரிம் யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் வழியில்லை.

நீங்கள் எழுதியதை வைத்தே ரெண்டு விஷயம் சொல்லிவிடலாம். ஒல்லி ரிம்மில் போல்ட் ஓட்டை இல்லை என்றால் அது ஹப்பில், அதாவது சக்கரத்தைப் போல்ட் போட்டு முடுக்குகிற நடுக்குடத்தில் மாட்டுகிற ரிம் இல்லை. ரிம்மே ஹப்பு. நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், கிரீஸ் இறுகிப்போன பேரிங் கையில் தட்டும். டிராக் காரின் முன் சக்கரத்துக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் பிரேக் கிடையாது, நேராக ஓடினால் போதும், எடை குறைந்தால் போதும். அதனால் பேரிங்கை ரிம்மிலேயே வைத்து நேரே ஸ்பிண்டிலில், அதாவது முன் சக்கரம் சுழல்கிற தண்டில் மாட்டினார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அமெரிக்காக்காரர்கள் இதற்கு விரும்பித் தேடியது நம் ஊர் ரோட்டிலும் ஓடிக்கொண்டிருந்த குட்டி இங்கிலீஷ் ஃபோர்டு ஆங்கிலியாவின் ஸ்பிண்டிலை. அது லேசானது, மலிவானது. பேரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும், துணியால் மெதுவாகத் துடைத்து அதை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிண்டிலில் உட்கார்ந்திருந்தது என்பதை அந்த எண் காட்டிவிடும்.

அகல ரிம்மின் விளிம்பில் இருக்கிற சின்ன ஓட்டைகளை யாரோ விளையாட்டாகப் போடவில்லை. கால் மைல் ஓட்டத்தில் கிளம்பும் நொடியில் எஞ்சினின் மொத்த முறுக்கும் பின் சக்கரத்துக்கு வரும்போது, ரிம் சுற்றும், டயர் அப்படியே நிற்கும், ரெண்டும் வழுக்கிக்கொள்ளும். டியூப் போட்டிருந்தால் அதன் வால்வே பிய்ந்துவிடும். அதைத் தடுக்க ரிம்மைத் துளைத்து டயரின் ஓரத்துக்குள் திருகாணி ஏற்றிவிடுவார்கள். ரோட்டில் ஓடுகிற காருக்கு இதை யாரும் செய்ய மாட்டார்கள். ஆக, அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. உங்கள் அப்பா ஓட்டினாரோ, வேறு யாரிடமாவது வாங்கினாரோ, அந்த ரிம் ஸ்லிக் என்கிற வெட்டே இல்லாத வழவழ ரேஸ் டயரோடு ஓடியிருக்கிறது.

சரி, எங்கே செய்தது? இதற்கு ரிம்மின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். முகம் ஏமாற்றும். நடுவில் இருக்கிற மூடியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆரக்காலின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். ராத்திரி கராஜில் விளக்கை அணைத்துவிட்டு ரிம்மைக் கவிழ்த்துப் போடுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்தது, நிழல் விழுந்ததும் எழுத்தாக எழுந்து நிற்கும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுங்கள். ஆரக்காலின் பின்புறம், ஹப்பைச் சுற்றி, வால்வு ஓட்டைக்குப் பக்கம், இந்த மூன்று இடத்தையும் விடாதீர்கள்.

ஹாலிபிராண்ட் என்று வந்தால் அது டெட் ஹாலிபிராண்டின் பட்டறை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கலிஃபோர்னியாவில் தொடங்கி, இண்டியானாபொலிஸ் ரேஸ் கார்களுக்கு மக்னீசியத்தில் ரிம் வார்த்துக் கொடுத்தவர். கல்வர் சிட்டி என்று ஊர் பெயர் இருந்தால் பழையது, டாரன்ஸ் என்றால் அதற்குப் பிந்தையது. அமெரிக்கன் ரேசிங் என்று வந்தால் 1956-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கம்பெனி. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ரோமியோ பாலமிடெஸ் டிராக் கார்களோடேயே வாழ்ந்தவர். நீங்கள் சொல்கிற பன்னிரண்டு ஆரக்கால் முன் ரிம் அவர்களுடைய பேர்போன வடிவம். ஐந்து ஆரக்கால் டார்க் திரஸ்ட்டும் அவர்களுடையதுதான், 1960-களின் தொடக்கத்தில் வந்தது. க்ரேகார் என்றால் வேறு கதை. பெல் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியின் ராய் ரிக்டர் 1964-ல் கொண்டுவந்த எஸ்/எஸ் ரிம்மில் வெளி வளையம் குரோம் பூசிய இரும்பு, நடுப்பகுதி மட்டும் அலுமினியம். காந்தத்தை வைத்தால் வளையத்தில் ஒட்டும், ஆரக்காலில் ஒட்டாது. அகல ரிம்மில் முதலில் இதைச் செய்து பாருங்கள், அரை நிமிஷ வேலை.

ஆனால் எழுத்து எதுவுமே இல்லாமல் போகலாம். அதற்கும் வாய்ப்பு அதிகம், காரணம் நம் தென்னாப்பிரிக்காவின் கதையிலேயே இருக்கிறது. 1961-லிருந்து உதிரி பாகங்களை உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் கார் கம்பெனிகளைப் படிப்படியாக நெருக்கியது, வெளியிலிருந்து வருகிற சாமான் அபூர்வமாகவும் விலை அதிகமாகவும் இருந்தது. ஃபார்முலா ஒன் ஓட்டிய எடி கைசன் டைகர் வீல்ஸ் என்ற ரிம் கம்பெனியை இங்கேயேதான் வளர்த்தார். பெரிய கம்பெனிதான் என்றில்லை, மணல் வார்ப்பு தெரிந்த ஒரு நல்ல கைகாரர் இருந்தால், யாரோ கொண்டுவந்த ஒரு அசல் ரிம்மை மணலில் பதித்து எடுத்து அதேபோல் இன்னொன்றை வார்த்துவிடலாம்.

அப்படி வார்த்த நகலைப் பிடிக்க ஒரு வழி உண்டு. உருகின அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு போலச் சுருங்கும். அசலையே அச்சாக வைத்து வார்த்தால் நகல் அந்த அளவுக்குச் சின்னதாகத்தான் வரும். லேத்தில் கடைகிற இடங்களைச் சரிக்கட்டிவிடலாம், ஆனால் யாரும் கடையாத ஆரக்காலின் நீளத்தைச் சரிக்கட்ட முடியாது. அசலில் 150 மில்லிமீட்டர் இருக்கிற ஆரக்கால் நகலில் ரெண்டு மில்லிமீட்டர் குறையும். ஓரங்களும் எழுத்துகளும் சோப்புக் கட்டி ரெண்டு நாள் பாத்ரூமில் கிடந்தது மாதிரி மழுங்கியிருக்கும்.

நகல் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போக வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கில் செய்த ரிம்மைவிட, இறக்குமதி கிடைக்காத ஒருவர் தன் காருக்காக இங்கே ஒரு பட்டறையில் நின்று வார்த்து வாங்கிய ரிம்மை நான் பெரிதாக மதிப்பேன். அதன் கதையை எந்தக் கேட்டலாக்கிலும் தேட முடியாது, உங்கள் வீட்டில்தான் தேட முடியும்.

அதனால் அத்தையிடம் போய் ஆல்பத்தை எடுங்கள். போட்டோவில் கார் நம்பர் தெரிந்தால் பாருங்கள். என்டி (ND) என்று தொடங்கினால் டர்பன், என்பி (NP) என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டிஜே (TJ) என்றால் ஜோஹன்னஸ்பர்க் கார். கார் ஒரு ஊர், ரிம் வேறு ஊர் என்றும் இருக்கலாம். போட்டோவின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். க்ரூகர்ஸ்டார்ப் பக்கத்து டார்ல்டன், கியாலாமி, கேப் டவுன் கில்லார்னி என்று ஏதாவது ஒரு ரேஸ் டிராக்கின் பெயர் இருந்தால் அது பெரிய பிடி. அந்த நாளில் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற டிரான்ஸ்வாலுக்கு பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது சும்மா இல்லை. ஹாரிஸ்மித் வழியாகப் போனால் அது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், 1986 வரைக்கும் இந்தியர்களான நம்மவர்கள் அங்கே தங்கக்கூட முடியாது. அப்படிப் போய் ஓட்டிவிட்டு வந்தவர் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே இருந்தார் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை, என் சித்தப்பாவும் அப்படித்தான். வெள்ளைக்காரர் பத்திரிகைகளில் நம் பையன்கள் பெயர் வந்திருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். வெஸ்ட்வில்லில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, அங்கே நம் சமூகத்தின் பழைய பத்திரிகைகளைப் பார்க்கக் கேளுங்கள்.

கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைத் தேடியவர்களுக்கு இது புரியும். 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேரின் பெயரையும் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். எங்கள் வீட்டில் பெயரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பழைய காகிதத்தில் கிர்மிட் எண், அதாவது கூலி ஒப்பந்த எண் கிடைத்ததும் ஒரே மத்தியானத்தில் ஊர், தாலுகா எல்லாம் வந்துவிட்டது. ரிம்மிலும் எண்ணைப் பிடியுங்கள். பென்சிலில் தேய்த்தெடுத்த காகிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, ஒருவர் ரெண்டு பழைய ரிம்மை அசல் மக்னீசியம், ரேஸ் சாமான் என்று விற்கிறார். விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்குவதற்கு முன் அது மக்னீசியமா என்று அவர் வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். நாம் எல்லா அலாய் ரிம்மையும் மேக் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் மக்னீசியத்திலிருந்து வந்ததுதான், ஆனால் இன்று ரோட்டில் மேக் என்று ஓடுகிறதெல்லாம் அநேகமாக அலுமினியம். அவர் பொய் சொல்கிறார் என்றில்லை, பெயரே அவரையும் குழப்பியிருக்கலாம்.

மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கிற தொங்கு தராசு ஒன்றும், ரிம் முழுசாக முங்குகிற அளவுக்கு ஒரு டிரம் தண்ணீரும் போதும். டயர் இல்லாத வெறும் ரிம்மைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு எடை பாருங்கள். அப்புறம் அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் முழுசாக இறக்கி, காற்றுக் குமிழி போகும்படி ஆட்டிவிட்டு, மறுபடி பாருங்கள். எத்தனை கிலோ குறைந்ததோ அத்தனை லிட்டர் அதன் கன அளவு. உதாரணத்துக்கு, வெளியே 5.4 கிலோ, தண்ணீருக்குள் 2.4 கிலோ என்றால் குறைந்தது 3. 5.4-ஐ 3-ஆல் வகுத்தால் 1.8, அது மக்னீசியக் கலவை. தண்ணீருக்குள் 3.4 காட்டினால் குறைந்தது 2, வகுத்தால் 2.7, அது அலுமினியம். ரெண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் தராசு கொஞ்சம் முன்னே பின்னே காட்டினாலும் பரவாயில்லை. இரும்பு வளையம் சேர்ந்த ரிம்முக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அதற்குக் காந்தம்.

தண்ணீரில் இறக்க விட மாட்டேன் என்றால், பின்பக்கத்தில் யார் கண்ணிலும் படாத இடத்தில் நகத்தளவு சுரண்டி, பளிச்சென்று தெரிகிற உலோகத்தின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் என்றால் உடனே நுரைத்துக்கொண்டு வரும். அலுமினியம் அசையாது. உடனே துடைத்து உலர்த்திவிடுங்கள். பழைய மக்னீசிய ரிம்மில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பூச்சு இருந்தால் அது குரோமேட், விஷம், வெறுங்கையால் தேய்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மக்னீசியத்தைக் கிரைண்டரில் போட்டு அந்தத் தூளுக்குத் தீப்பொறி பட்டால் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சத்தோடு எரியும். அதில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் பெரிதாகும். காய்ந்த மணலைப் போட்டுத்தான் மூட வேண்டும். சுரண்டுவதென்றால் கையால், கொஞ்சமாக.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மாமா கொடுத்த பழைய அஞ்சு ஆரக்கால் மேக் நாலு இருக்கிறது, நாலு போல்ட் ஓட்டை. எந்தக் காருடையது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. என் ஃபோர்டு கார்ட்டினாவில் மாட்டலாமா?

பதில்: எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து பாருங்கள், தம்பி. மையத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்க வேண்டாம், ஒரு ஓட்டையின் இடது ஓரத்திலிருந்து எதிர் ஓட்டையின் இடது ஓரம்வரை வெர்னியரில் அளந்தால் அதே கணக்குதான் வரும். கார்ட்டினாவுக்கும் எஸ்கார்ட்டுக்கும் 108 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஃபோர்டு பின்டோவுக்கும் அதே 108 என்பதால், அங்கே வார்த்த ரிம் உங்கள் கையில் இருக்கவும் இடமுண்டு. 114.3 என்றால் அந்தக் கால டாட்சன் பக்கம் தேடுங்கள். 110 வந்தால் மாஸ்டா ஆர்எக்ஸ்-2, ஆர்எக்ஸ்-3, அதுதான் ஆபத்தானது. ரெண்டு மில்லிமீட்டர்தானே என்று கார்ட்டினாவில் நட்டை இழுத்துப் பிடித்து ஏற்றிவிடுவார்கள், நட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஓட ஓட ஸ்டட் முறிந்துவிடும். செய்யாதீர்கள்.

ஐந்து ஓட்டை ரிம் வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஐந்தில் எதிரெதிர் ஓட்டை கிடையாது, பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓட்டையை அளந்து 0.588-ஆல் வகுக்க வேண்டும். 67.2 மில்லிமீட்டர் வந்தால் 114.3, அது ஃபோர்டு வி8 வகையறா. 70.9 வந்தால் 120.65, ஷெவர்லே. நடுவில் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை, டேப்பை வைத்து அளந்துவிட்டு இது மஸ்டாங் ரிம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருந்தால் அது பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று செய்தது, க்ரேகார் அப்படி நிறைய விற்றது. அதோடு கூட வருகிற முட்டை வடிவ வாஷர் இல்லாமல் அதை மாட்டவே கூடாது. ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல் என்ற மூன்று எழுத்து இருந்தால் அது ஜப்பான் தரமுத்திரை. அது 1970-களுக்கு முந்தைய ரிம்மில் இருக்க வழியே இல்லை, ஐம்பதுகளின் அமெரிக்கச் சாமான் என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.

டொங்காட்டிலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் உள்ள ஜோடி அசல் மக்னீசியம் என்று உறுதியாகிவிட்டது. மறுபடி டிராக்கில் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். நம் கடற்கரையில் உப்புக்காற்று ஐம்பது வருஷம் அதைத் தின்றிருக்கிறது. எஃகு போல்ட் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மக்னீசியம் இன்னும் சீக்கிரம் அரிக்கும், ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பவுடர் மாதிரி இருக்கிறதா பாருங்கள். காரைக் காட்சிக்கு நிறுத்தும்போது மாட்டிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால்கூட ஒரு நல்ல எஞ்சினியரிங் பட்டறையில் சிவப்புச் சாயம் ஊற்றி வெடிப்புச் சோதனை செய்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தலைமுடி வெடிப்பெல்லாம் அதில் சிவப்புக் கோடாக வந்துவிடும். ஓட்டுவதற்கு அதே வடிவத்தில் புது ரிம் இன்றும் வார்க்கிறார்கள். பழையதை வீட்டில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள், பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.